நிறமில்லாத நெயில் பாலிஷ்

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அவரோடு தி. நகர் போய்வரச் சொன்னார்கள்.

"சாருக்குத் துணையாப் போயிட்டு வாம்மா. தனியாப் போனா கடையில ஒரு மாதிரி பாக்கறாங்களாம்" என்றார் எங்கள் எம்.டி.

ஏன் ஒரு மாதிரி பார்க்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஆறடி உயரம், காது வரைக்கும் போய்த் திரும்பிய மீசை, அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு செலோடேப் சுருள். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள்.

நெரிசலில் நீந்தி ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்தோம். கவுண்டரில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"மேடத்துக்கு இன்னா கலர் நெயில் பாலிஷ் சார்?"

"மேடத்துக்கு இல்லம்மா. எனக்கு."

அவள் மீசையைப் பார்த்தாள்.

"கலர் வேணாம். கலரே இல்லாதது குடு. நாப்பது பாட்டில்."

"நாப்பதா? எத்தினி வெரல் சார் கீது உனக்கு?"

அதையும் ஒரு நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "இருபதுதான். இது வெரலுக்கு இல்ல, இலைக்கு" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு என்ன பாடு படுகிறாயோ என்ற இரக்கம் இருந்தது.

அவர் தோள்பையிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கவுண்டர் மேல் குப்புறப் போட்டார். பாட்டிலைத் திறந்து அடிப்பக்கத்தில் ஒரு பூச்சு பூசினார். காயும்வரை ஊதினார். மேலே செலோடேப்பை ஒட்டி, உரித்து, ஒரு கண்ணாடித் துண்டில் பதித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற சின்ன மைக்ராஸ்கோப் ஒன்று பையிலிருந்து வந்தது.

"ஒரு தடவை பாத்துரும்மா."

அவள் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள். "ஐயே! இன்னா சார் இது, ஃபுல்லா வாயா கீது!"

"அதேதான். இலைக்கு வாய் கீழ்ப்பக்கம். அது வழியாத்தான் மூச்சு விடுது."

எங்களுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு வாங்க நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தார். அவர் மகள் பார்த்தாள். பொட்டலம் கட்டுபவர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். முதலாளி கல்லாவிலிருந்து கத்துவதற்குள் கடையில் வரிசையே நின்றுவிட்டது.

'ஒரு தடவை பாத்துருங்க.' அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்வதே இந்த மூன்று சொற்களில்தான். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் எந்த மனிதனும் அதற்கப்புறம் தப்பு செய்யமாட்டான் என்று நிஜமாகவே நம்பினார். அதேபோல் தன் கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். வெளியே மழை என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிவிட்டுத்தான் "ஆமா மேடம், மழை" என்பார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். கடைசிவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். ஆபீஸ் பெருக்க வருகிற அம்மாவும் மேடம்தான்.

எங்கள் ஆபீஸ் அடையாறில் ஒரு மாடியில் இருந்தது. எங்காவது கட்டடம் கட்டவோ, துறைமுகம் போடவோ, மலையைத் தோண்டவோ வேண்டுமென்றால், அதனால் சுற்றுச்சூழல் என்ன ஆகும் என்று அரசுக்கு ஒரு அறிக்கை கொடுக்கவேண்டும். அதை எழுதித் தருவது எங்கள் தொழில். தோண்டப்போகிறவர்தான் எங்களுக்கு வேலை கொடுப்பவர் என்பதால், ஒன்றும் ஆகாது என்று எழுதுவது எங்கள் வழக்கம். நான் டைப் செய்து, பக்கம் அமைத்து, அட்டை போடுபவள். அவர் களத்துக்குப் போய்ச் செடி கொடிகளைப் பார்த்து வருபவர். ஆபீசில் எல்லோரும் அவரைத் தூசி சார் என்பார்கள். இலைமேல் படியும் தூசியைப் பார்ப்பதுதான் அவருடைய தனிப் பைத்தியம்.

இதை அவர் ஆபீசோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

எங்கள் அக்கவுண்டன்ட் வீட்டுக் கல்யாணம் மயிலாப்பூரில் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், உப்பு, ஊறுகாய், பச்சடி எல்லாம் வைத்தார்கள். இவர் நுனியில் ஏதோ பார்த்துவிட்டார். இலையை ஊறுகாயோடு தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பச்சடி என் புடவையில் இறங்கியது.

"என்ன ஓய், இலை ஓட்டையா?" என்று ஓடிவந்தார் பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர்.

"இல்ல சார். இந்த இலை எந்த ஊர்லேருந்து வந்தது? ரோட்டோரத் தோட்டமா?"

"இலையோட ஜாதகமெல்லாம் நான் பாக்கலையே! சாம்பார் வந்துண்டிருக்கு, முதல்ல கீழ வைங்கோ!"

கீழே வைத்தார். ஆனால் நுனியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நெயில் பாலிஷ் பூசிவிட்டு வைத்தார். சாப்பாடு முழுக்க அந்த மூலையைக் கையால் மறைத்துக்கொண்டே சாப்பிட்டார். சாம்பார் வாளிக்காரர் மூன்று தடவை அதன்மேல் ஊற்றப் பார்த்தார். மூன்று தடவையும் "அங்க மட்டும் வேணாம், அது காஞ்சிட்டிருக்கு" என்றார். பாயசம் முடிந்ததும் உரித்து எடுத்துக்கொண்டுதான் எழுந்தார். மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளை பார்த்தார். வீடியோவில் அது இருக்கிறது.

மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. தடுப்புத் தகரத்தை ஒட்டி நின்ற புங்கமரம் ஒன்று மாவு மில்லில் வேலை செய்கிறவர் மாதிரி ஆகிவிட்டது. தினமும் மாலை பஸ் பிடித்து அங்கே போய், அதன் இலைகளுக்குப் பூச்சு பூசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீற?"

"நெயில் பாலிஷ் போடறேன்."

"யாருக்கு?"

"மரத்துக்கு."

கான்ஸ்டபிள் மூக்கை நீட்டினார். நெயில் பாலிஷ் வாசனை குப்பென்று அடித்தது. பேசாமல் இடுப்பிலிருந்து மெஷினை எடுத்தார். "ஊது."

ஊதினார். சைபர் காட்டியது. கான்ஸ்டபிள் நம்பவில்லை. "இன்னொருவாட்டி ஊது." மறுபடி சைபர்.

"சார், இந்த மெஷின் நல்லா இருக்கே. இதை மரத்துக்கு வெச்சா வேலை செய்யுமா? அதுக்குத்தான் மூச்சு வருதான்னு சந்தேகமா இருக்கு" என்றார் இவர், துளிக்கூடச் சிரிக்காமல்.

கடைசியில் வழக்கம்போல் கான்ஸ்டபிளும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "எல்லா வாயிலயும் மண்ணு கீதே சார். மரத்துக்கே இப்டின்னா, காலைலேர்ந்து இங்கியே நிக்கிறேனே, எனக்கு?"

"உங்களுக்கு உள்ளயும் பாக்கலாம் சார். ஆனா மூக்குக்குள்ள நெயில் பாலிஷ் பூச முடியாதே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாளிலிருந்து அந்தக் கான்ஸ்டபிள் முகக்கவசம் போட்டுக்கொண்டார். ரோட்டில் தண்ணீர் தெளிக்கிறார்களா என்றும் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் ஆபீசுக்கு போன் வரும். முதல் நாள் நான்தான் எடுத்தேன். "சார் கிட்ட சொல்லும்மா, இன்னிக்கு இவனுங்க தண்ணியே அடிக்கல!" நல்ல விஷயம்தானே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சுரங்க வேலை வந்தது. வெளி மாவட்டத்தில் ஒரு மலைக்காடு. உச்சியில் இரும்புத்தாது தோண்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்கு நடுவே லாரி ரோடு. அதை இரண்டு மடங்காக்க அனுமதி வேண்டும். சுரங்கத்தின் முதலாளி தெற்கத்திக்காரர். குடும்பத்துக்குத் தி. நகரில் நகைக்கடையும் இருந்தது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்.

தூசி சார் மறுபடியும் நாற்பது பாட்டில் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். பல வாரம் கழித்துத் திரும்பியபோது மீசை செம்பட்டையாகியிருந்தது. பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் துண்டுகள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான் டைப் செய்தேன். வேலை செய்துகொண்டே பேசுவார்.

"காடு ஒரே நாள்ல சாகாது மேடம். முதல்ல சாப்பாடு கெடும். இலையோட வாயில மண்ணு அடைச்சுக்குது. வெயிலும் சரியாப் படல. அப்ப வர்ற புது இலை சின்னதா வருது. பூ மேலயும் மண்ணு. தேனீ வருது, உக்காருது, காலை உதறுது, போயிடுது. சிலந்தி வலையெல்லாம் சிவப்புத் துணி காயப்போட்ட மாதிரி தொங்குது. அவ்வளவு பளிச்சுனு தெரியற வலையில எந்தப் பூச்சி மேடம் வந்து விழும்?"

"பாவம் சார் சிலந்தி."

"பூச்சி இல்லேன்னா குருவி இல்ல. குருவி இல்லேன்னா அது பழம் தின்னுட்டுப் போடற விதை இல்ல. ரோட்டோரத்துல மரப்பட்டையில படர்ற பாசி மாதிரி ஒண்ணு, லைக்கன்னு பேரு, அது மொத்தமாக் காணோம். உள்ளே போகப்போகத்தான் திரும்ப வருது. ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் நின்னு பாத்தேன்."

நூறு பக்கத்துக்கு மேல் வந்தது. எம்.டி. புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது ரிப்போர்ட்டா, நாவலா?" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தத் தூசி அத்தியாயத்தை எடுத்துடும்மா. பழைய ரிப்போர்ட்லேருந்து அந்த ரெண்டு பக்கத்தைப் போட்டுடு" என்றார்.

எனக்கு அந்த இரண்டு பக்கமும் மனப்பாடம். 'தூசியினால் தாவரங்களுக்கும் உயிரினங்களுக்கும் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை.' எந்த அறிக்கையிலும் பொருந்தும். ஒரு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. ஏன் சார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. போட்டுவிட்டேன். அவசரத்தில், பாலவாக்கம் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதிக்கு எழுதிய அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் அவர் அச்சுப் பிரதியோடு என் மேஜைக்கு வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு ஆர்வம்.

"மேடம், ஆமை எப்ப வந்துச்சு?"

"எந்த ஆமை சார்?"

"இங்க போட்டிருக்கே. கடலாமை முட்டையிடற மாசத்துல சுரங்கத்துல விளக்கை அணைச்சிடுவாங்கன்னு. நான் மலை முழுக்கச் சுத்தினேனே, என் கண்ணுல படவே இல்லையே?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, அந்தப் பழைய வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார். "இதையும் நீங்க பாத்தீங்களா மேடம்? பாதிப்பு இல்லேன்னு?" தான் பார்க்கத் தவறிய எதையோ நான் பார்த்திருப்பேனோ என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இல்ல சார். எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்."

"சரி. எடுக்கறவங்க ஒரு தடவை பாத்துட்டு எடுத்திருக்கலாம்" என்றார்.

ஆமையை மட்டும் எடுத்தேன். வாக்கியம் அப்படியே இருந்தது.

அறிக்கையைப் பார்க்க அண்ணாச்சியே ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பத்து விரலில் ஆறு மோதிரம். எம்.டி. அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போவதற்குள் தூசி சார் வழியில் நின்றுவிட்டார். கையில் மைக்ராஸ்கோப்.

"சார், ஒரு தடவை பாத்துருங்க."

அண்ணாச்சி குனிந்தார். நகைக்கடைக்காரர் அல்லவா, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அவருக்குப் பழக்கம். ரொம்பநேரம் பார்த்தார். பார்த்துவிட்டார், இனி தப்பு செய்யமாட்டார் என்று தூசி சாரின் மீசை துடித்தது.

"அடேயப்பா!" என்றார் அண்ணாச்சி. "கல்லு வச்ச அட்டிகை மாதிரில்லா இருக்கு! சிவப்பு சிவப்பா மின்னுதே, அது என்னது?"

"உங்க தாது மண்ணு சார்."

"நம்ம மண்ணா! இவ்ளோ அழகா!" எம்.டி. பக்கம் திரும்பினார். "இதை அட்டையில போடுங்க சார். மானு, மயிலுன்னு எல்லாப் பயலும் போடுதான். நம்மது தனியாத் தெரியணும்."

பார்த்துவிட்டு ஒருவர் சந்தோஷப்படுவார் என்று தூசி சார் வாழ்நாளில் நினைத்ததில்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி போனதும் எம்.டி. என்னிடம் வந்தார். "எதுக்கு வம்பு. மான் படமே போட்டுடு."

அந்தச் சமயத்தில் எனக்கு எங்கிருந்தோ சொல் வந்தது. "அண்ணாச்சியே கேட்டாரே சார். கோச்சுக்கமாட்டாரா?"

எம்.டி. யோசித்தார். அண்ணாச்சி கோபித்துக்கொள்வது அவருக்கு எந்தக் காட்டையும்விடப் பெரிய ஆபத்து. "சரி, போடு" என்றார். நான் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் போனை வைத்துப் படம் எடுத்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, அட்டையின் நான்கு விளிம்பும் நிறையப் போட்டேன்.

அனுமதி கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற அரசு நிபுணர் குழுவின் கூட்டம் சென்னையிலேயே நடந்தது. அறிக்கைக் கட்டுகளைத் தூக்க நானும் போயிருந்தேன். எம்.டி. படங்காட்டி, வரைபடம் காட்டி, அரைமணி நேரத்தில் முடித்தார். குழுவினர் பாதிப்பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள் மட்டும் அறிக்கையைத் திறக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படம் என்ன?"

"அது சும்மா ஒரு டிசைன் மேடம்" என்றார் எம்.டி. அவசரமாக.

அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. தான் தேர்ந்தெடுத்த படமாயிற்றே. எழுந்து நின்றுவிட்டார். "டிசைன் இல்லம்மா. எங்க காட்டு இலை. பூதக்கண்ணாடியில எடுத்தது. சிவப்பா மின்னுதுல்லா, அது எங்க மண்ணு."

"உங்க மண்ணு எப்படி இலையோட வாய்க்குள்ள போச்சு?"

அண்ணாச்சி யோசித்தார். அந்தக் கேள்வி அதுவரை அவருக்கே தோன்றியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். மெதுவாகத் திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தூசி சாரைப் பார்த்தார்.

"ஆமா சார், எப்படிப் போச்சு?"

தூசி சார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முக்கால்மணி நேரம் பேசினார். தேனீ காலை உதறுவதை நடித்தே காட்டினார். குழுவினர் ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். டீ ஆறியது. அந்த அம்மாள் உள்ளே பக்கத்தைத் திருப்பி, 'குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை' என்று சத்தமாகப் படித்துவிட்டு, "அட்டை ஒண்ணு சொல்லுது, உள்ள ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுமதி அன்று கிடைக்கவில்லை. எல்லாப் பருவத்திலும் மறுபடி ஆய்வு செய்யவேண்டும், லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும், இலைகளைத் தொடர்ந்து கவனிக்க ஒரு ஆள் வைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலமே எம்.டி. தூசி சாரை வேலையைவிட்டு நிறுத்தினார். என்னை நிறுத்தவில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியாது.

நான்கு நாள் கழித்து, அவர் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். அடிக்கப்போகிறாரோ என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"நீரு நம்ம சுரங்கத்துக்கே வாரும்" என்றார் அண்ணாச்சி. "இலையப் பாக்கதுக்கு ஆள் வைக்கணுமாம். காசு வாங்கிட்டு எனக்குப் பிடிச்சதைச் சொல்ல நூறு பேர் இருக்கான். உம்ம மாதிரி ஒருத்தன் இல்ல."

அது கோபமா, மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தூசி சாருக்கு அந்த ஆராய்ச்சியே இல்லை. "இலை எவ்வளவு வேணும்னாலும் பறிக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டார். ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தவர் அதைக் காலி செய்ய ஒரு ஆட்டோ போதுமானதாக இருந்தது.

நானும் சில மாதங்களில் அந்த வேலையை விட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்போதாவது போன் செய்வார். லாரி டிரைவர்கள் அவரைப் பார்த்தால் ஓடுகிறார்களாம், எல்லோரையும் பார்க்கச் சொல்லி மைக்ராஸ்கோப்பை நீட்டுவதால். "தேவலையா சார் இப்போ?" என்று கேட்டால் நேராக ஆமாம் என்று சொல்லமாட்டார். "தார்ப்பாய் போட்டாங்க. மழையும் நல்லாப் பேஞ்சுது. ரெண்டுல எதுனாலன்னு இன்னும் சொல்ல முடியாது. ரோட்டோரத்துல நிறைய மரம் அப்படியேதான் இருக்கு மேடம்."

ஒரு ஞாயிறு வழக்கத்தைவிட உற்சாகமாகக் கூப்பிட்டார். ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு மரத்தில் சிள்வண்டு வந்திருக்கிறதாம். அந்த இடத்தில் அவர் கேட்பது இதுதான் முதல் தடவையாம்.

"இருங்க மேடம், போனைத் தூக்கிப் பிடிக்கறேன். கேளுங்க."

கேட்டேன். எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது. காற்று போனில் மோதியது. அப்புறம் ஒன்றுமில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"கேக்குது சார்! நல்லாக் கேக்குது!"

"மேடம், அது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார். "விட்டுவிட்டுத்தான் கத்தும். பத்து நிமிஷம் ஆகும். இருப்பீங்களா?"

அடுப்பில் குக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"இருக்கேன் சார்" என்றேன்.